அவசரம் கழிந்த கார்டு

போன மாதம் பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நானும் என் தங்கையும் உட்கார்ந்திருந்தோம். பயப்படும்படி ஒன்றுமில்லை. அவளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டும். சின்ன வயதில் பெரிய நோய் ஏதாவது உண்டா என்று பல் டாக்டர் கேட்டிருக்கிறார். இவள் சும்மா இருக்காமல், ஆறு வயதில் நெஞ்சில் ஓட்டை இருந்தது என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். இருதய டாக்டரிடம் சீட்டு வாங்கி வந்தால்தான் பல்லைத் தொடுவேன் என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் இல்லையா என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே நானும் கூடப் போனேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் வயதுக்காரர்களுக்கு இப்போது வெளியூர்ப் பயணம் என்றால் பாதி ஆஸ்பத்திரிக்குத்தான்.

எதிர்ச் சுவரில் ஒரு டிவி. அதில் டோக்கன் நம்பர் மாறிக்கொண்டே இருந்தது. அதற்குக் கீழே மலையாளத்தில் ஒரு வரி. 'நிங்ஙளுடெ அவசரத்தினாயி காத்திரிக்குக.'

அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. ஏதோ சத்தம் வந்திருக்க வேண்டும், தங்கை திரும்பிப் பார்த்தாள். தமிழ் மட்டும் தெரிந்தவர் படித்தால், உங்களுக்கு ஏதாவது அவசரம் வரும்வரை காத்திருங்கள் என்று சொல்வதாக நினைப்பார். மலையாளத்தில் அவசரம் என்றால் பரபரப்பு இல்லை. வாய்ப்பு, முறை என்று அர்த்தம். உங்கள் முறை வரும்வரை பொறுத்திருங்கள் என்கிறது அந்த வரி. சொல் ஒன்றுதான், சொல்லும் விதமும் ஒன்றுதான், அர்த்தம் மட்டும் இரண்டு ஊர்க்காரர்களுக்கு இரண்டு விதம். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பத்து வயதில் நான் செய்த காரியத்தை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அந்த நாற்காலியில்தான் முதல்முதலாக வாய் திறந்தேன். உங்களிடம் முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்களுடையது எருத்தேன்பதிப் பக்கம் தோட்டத்து வீடு. நிலக்கடலை, சோளம், கிணற்றுமேட்டில் நாலு தென்னை. கேரளத்தில் இருந்தோம், ஆனால் வீட்டிலும் காட்டிலும் சந்தையிலும் எல்லாம் தமிழ்தான். சர்க்கார் காகிதம் மட்டும் மலையாளத்தில் வரும். அப்பாவுக்கு மலையாளம் அரைகுறையாகப் பேச வரும், எழுத்து தெரியாது. அம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்பில் மலையாள எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டதும் வீட்டுக்கே நான்தான் வக்கீல். காகிதம் எது வந்தாலும், "பெரியவளே, இதென்னன்னு பாரு" என்று நீட்டுவார்கள். நானும் பெரிய மனுஷி மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு படிப்பேன். தெரியாத சொல் வந்தால் தெரிந்த சொல்லாக்கிவிடுவேன். இரண்டு பாஷைக்கும் பாதிச் சொல் பொதுவாக இருந்தது எனக்கு ரொம்ப வசதி.

தங்கை அப்போது ஆறு வயசுக்கு நாலு வயசு போல் இருப்பாள். விளையாட்டின் நடுவே சட்டென்று குத்தவைத்து உட்கார்ந்துவிடுவாள். கன்னப்பொறியில் வேர்வை பூத்திருக்கும், கழுத்துக் குழி உள்ளே போய் வெளியே வரும். சளிப் பிடித்தால் பதினைந்து நாள் படுக்கை. பக்கத்துச் சித்தூர் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுத் தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். நாங்கள் நாலு பேரும் ரயில் ஏறினோம். அம்மா ஒரு போசியில் புளிச்சாதம் கட்டி எடுத்து வந்தாள்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களுக்கு அடுத்த நம்பர் ஓர் அம்மாளுக்கு. உடும்பஞ்சோலையில் ஏலக்காட்டில் வேலை, மடியில் ஏழு வயதுப் பையன். அவனுக்கும் இதே ஓட்டை. சேலை முந்தியை அவிழ்த்து எனக்கும் தங்கைக்கும் ஆளுக்கு ஒரு பச்சை ஏலக்காய் கொடுத்தார். இன்றைக்கும் ஏலக்காயைக் கடித்தால் எனக்கு அந்த வராந்தாவின் பினாயில் வாடை சேர்ந்தே வருகிறது.

"எத்தன நாளுங்க ஆகும் கூப்பிடறதுக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்த்தா? மாசக்கணக்குல ஆகும்ங்காக. சாமி எந்நேரம் குடுக்கணுமோ அந்நேரந்தான் குடுக்கும். நாம கெடந்து தவிச்சு என்ன செய்ய?" என்றார் அவர். சொல்லிவிட்டு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஓட்டையைத் தைத்து அடைக்க வேண்டும், நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அப்பா அதைக் கேட்டதிலிருந்து ஊர் வந்து சேரும்வரை தங்கையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கார்டு வந்தது. எங்கள் நம்பர், அதற்குக் கீழே ஒரே வரி. 'அவசரம் வரும்போள் அறியிக்காம்.' உங்கள் முறை வரும்போது தெரிவிக்கிறோம் என்று அர்த்தம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன்.

"அவசரம் வந்தா அறிவிக்கலாமாம்."

"யாரு, நாம அறிவிக்கறதா?" என்றார் அப்பா.

"ஆமாங்கப்பா. நமக்கு அவசரம்னா ஒரு கடுதாசி போடலாம்னு எழுதிருக்குது."

அப்பாவின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. கத்தி தள்ளிப்போனதே அவருக்குப் போதும். அம்மாதான் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்க, எது அவசரம், எது அவசரமில்லைன்னு நமக்கு எப்படிங்க தெரியும்? டாக்டருக்கே தெரியாததா நம்மளக் கேக்கறாங்க?" என்றாள். பதில் தெரியாத கேள்வியை எங்கள் பக்கத்தில் எங்கே கொண்டுபோவார்களோ அங்கேதான் அம்மாவும் கொண்டுபோனாள்.

மாரியாத்தா கோயிலில் பூக்கேட்பது என்று ஒன்று உண்டு. வெள்ளை அரளி ஒரு இலையில், சிவப்பு அரளி ஒரு இலையில், இரண்டையும் ஒரே மாதிரி மடித்து ஆத்தாளின் காலடியில் போட்டுவிடுவார்கள். ஒரு குழந்தை போய் ஒன்றை எடுக்க வேண்டும். "பொறுத்திருக்கலாம்னா வெள்ளை குடு ஆயா, உடனே போகோணும்னா செவப்பு குடு" என்று அம்மா வேண்டிக்கொண்டு தங்கையையே எடுக்க அனுப்பினாள். அவள் வெள்ளையை எடுத்து வந்தாள். பூசாரி திருநீறு பூசி, "பொறு அம்மிணி, ஆத்தா பாத்துக்குவா" என்றார். நாங்கள் பொறுத்தோம்.

இப்போது யோசித்தால் தலை சுற்றுகிறது. நான் தப்பாகப் படித்த கார்டை நம்பி அம்மா ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஆத்தா ஒரு பதில் சொன்னாள். கேள்வியே தப்பு என்றால் பதிலுக்கு என்ன பெயர்?

ஐப்பசி அடைமழையில் இரண்டாவது கார்டு வந்தது. தபால்காரர் மலையாளத்துக்காரர். குடைக்குள் அவர் நனையாமல் வந்தார், பை நனைந்துவிட்டது. கார்டின் கீழ்ப்பாதி மை கரைந்து நீலத் திட்டாக இருந்தது. மேலே எங்கள் நம்பரும் ஒரு வரியும் மட்டும் தெளிவு. 'அவசரம் கழிஞ்ஞு.'

நான் அதை இரண்டு தடவை மனதுக்குள் படித்தேன். கழிஞ்ஞு என்றால் முடிந்தது, அது நன்றாகத் தெரியும். அப்புறம் கூவிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, அவசரம் முடிஞ்சுதாம். இனி அவசரமே இல்லையாம். ஆஸ்பத்திரில இருந்தே எழுதிட்டாங்க."

அம்மா கையில் மாவோடு வந்து நின்றாள். "நல்லாப் படிச்சியா கண்ணு?"

"நல்லாப் படிச்சேம்மா. இங்க பாரு, கழிஞ்ஞு. முடிஞ்சுபோச்சு."

அப்பா தங்கையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். இனிப் புள்ளைக்கு ஒன்றுமில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எப்படித் தெரிந்தது, யார் பார்த்தார்கள் என்றெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. வெள்ளைப் பூ வந்ததல்லவா, அதற்குக் கணக்கு சரியாகப் போயிற்று. அடுத்த செவ்வாய்க்கிழமை பொங்கல் வைத்து மாவிளக்கு எடுப்பது என்று நேர்ந்துகொண்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு முழுதாக நினைவிருக்கிறது. தங்கைக்கு மஞ்சள் கவுன், அதில் முன்பக்கம் ஒரு வாத்து தைத்திருக்கும். ஈர விறகு புகைந்ததில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். பொங்கல் பொங்கியபோது அப்பா குலவை போடச் சொன்னார், பெண்கள் போட்டார்கள். அம்மா மட்டும் போடவில்லை. கும்பிட்ட கையை இறக்காமல் அழுதுகொண்டே நின்றாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று பூசாரி சொன்னார். எல்லோருக்கும் பொங்கல் வைத்தவள் தான் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. விரதமாக இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு இரண்டு தடவை வைத்தாள், படிச்ச புள்ளை என்று சொல்லி.

கார்த்திகை பிறந்ததும் எங்கள் பக்கத்தில் காற்று கிளம்பிவிடும். விருச்சிகக் காற்று என்பார்கள் மலையாளத்துக்காரர்கள். பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வரும் கிழக்குக் காற்று, இரவு பகல் கிடையாது. பனை மட்டை ஓயாமல் அடித்துக்கொள்ளும், சோற்றில் மண் விழும், கொடியில் போட்ட துணி அடுத்த காட்டில் கிடக்கும். அப்படி ஒரு நாள் மலையாள வகுப்பு. பாட்டை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். நான் முதலில், நான் முதலில் என்று பிள்ளைகள் எழுந்து நின்று கத்தினார்கள். டீச்சர் பிரம்பால் மேசையைத் தட்டினார்.

"திரக்கு கூட்டண்டா. எல்லார்க்கும் அவசரம் கிட்டும்."

முண்டியடிக்காதே என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் அவசரம் கிடைக்கும் என்கிறாரே என்று எனக்குக் குழப்பம். எழுந்து கேட்டேன்.

"டீச்சர், அவசரம்னா என்ன?"

"அவசரம் என்னு பறஞ்ஞால் சான்ஸ் மோளே. நின்றெ சான்ஸ். இப்போ நின்றெ அவசரமாணு, பாடு."

பாடு, உன் முறை என்கிறார். எனக்குப் பாட்டு வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சான்ஸ் என்ற சொல் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவசரம் கழிஞ்ஞு. சான்ஸ் போயிற்று. தங்கச்சியின் சான்ஸ் போயிற்று, அதற்கு நாங்கள் பொங்கல் வைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். டீச்சர் என்னை அன்று முழுக்க நிற்கவைத்தார், பாட்டு படிக்காமல் வந்ததற்கு.

அன்றைக்கே வீட்டில் சொல்லியிருக்க வேண்டும், தெரியும். சொல்லத்தான் ஓடினேன். வாசலில் அப்பா தங்கையைச் சோளத்தட்டுப் போரின்மேல் உட்காரவைத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அத்தனை மாதத்தில் அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அம்மாவிடம் போனேன். "அம்மா" என்றேன். "என்ன கண்ணு, பசிக்குதா?" என்றாள். ஆமாம் என்றேன். கோழை என்று நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் ஆத்தாளை நம்பி நிம்மதியாக இருக்கிறார்கள், எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும் என்று ஆகிவிட்டது. பத்து வயதுக்கு அது பெரிய பாரம். என் தப்பின்மேல் இவர்கள் சாமியைக் கட்டி எழுப்பிவிட்டார்களே என்று சொல்லத் தெரியாது அப்போது. வயிற்றில் ஏதோ கல் கிடப்பது மட்டும் தெரியும்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே தபாலாபீஸ். சேர்த்துவைத்த காசில் ஒரு கார்டு வாங்கி, கணக்கு நோட்டுக்குள் மறைத்துவைத்து, எனக்குத் தெரிந்த மலையாளத்தில் எழுதினேன். எங்கள் நம்பர், அப்பா பெயர், ஊர், அப்புறம் ஒரே வரி. 'என்றெ அனியத்திக்கு ஒரு அவசரம் கூடி தரணம்.' என் தங்கைக்கு இன்னொரு சான்ஸ் தாருங்கள் என்று எழுதியதாக நினைப்பு. பெட்டியில் போட்ட பிறகு பயம் பிடித்துக்கொண்டது. டீச்சர் சொன்னது தப்பாக இருந்தால்? தமிழ் தெரிந்த யாராவது படித்து, இன்னொரு அவசரம் வேண்டும் என்று இந்தப் பிள்ளை கேட்கிறது என்று எடுத்துக்கொண்டால்? ஆத்தாளிடம் வேண்டும்போதும் இதே குழப்பம். அவசரம் கொடு என்று வேண்டினால் அவள் எந்தப் பாஷையில் கேட்டுக்கொள்வாள்? எங்கள் மாரியாத்தா தமிழ்க்காரி, ஆஸ்பத்திரியோ மலையாள நாட்டில் இருக்கிறது. கடைசியில் சொல்லே வேண்டாம் என்று வெறுமனே கும்பிட்டுவிட்டு வருவேன். இன்றுவரை நான் கும்பிடுவது அப்படித்தான்.

மதிய மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவருவேன், பத்து நிமிஷ ஓட்டம். சாப்பாட்டுக்கு என்று எல்லோரும் நினைத்தார்கள். தங்கை அந்நேரம் கயிற்றுக்கட்டிலில் தூங்குவாள். மூச்சு இருக்கிறதா என்று பார்க்கத்தான் வருவேன். ஆனால் எப்போது வந்தாலும் எனக்கு முன்னால் அம்மா கட்டிலோரம் உட்கார்ந்திருப்பாள், முந்தானையைத் தங்கையின் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு.

"என்னம்மா பண்ற?"

"ஈ மொய்க்குது கண்ணு. ஓட்டிட்டு இருக்கறேன். நீ போயிச் சோறு போட்டுக்க."

எனக்குக் கோபமாக வரும். ஒரு நாளாவது இந்த அம்மா நகர்ந்து கொடுத்தால் நான் கையை வைத்துப் பார்க்கலாமே என்று இருக்கும். சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, கதவோரம் நின்று தங்கையின் வயிறு ஏறி இறங்குவதைப் பத்து வரை எண்ணிவிட்டுத் திரும்ப ஓடுவேன். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் இதுதான் என் பிழைப்பு. கும்பிட்டால் உடனே பதில் வரும் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் இந்த எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லவில்லை.

தையில் கார்டு வந்தது. தேதி போட்டு வரச்சொல்லி இருந்தது. இந்தத் தடவை டீச்சரிடம் காட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்டு வந்துதான் வீட்டில் சொன்னேன். "அதுதான் எல்லாஞ் செரியாப் போச்சே, எதுக்கு மறுபடி?" என்றார் அப்பா. "சும்மா காட்டிட்டு வந்தர்லாமுங்க, கூப்பிட்டுப் போகாம இருந்தா மருவாதி இல்லீங்க" என்றாள் அம்மா. அம்மா அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாசி மாதம் மறுபடி ரயில், மறுபடி புளிச்சாதம்.

கவுண்டரில் இருந்தவர் ஃபைலைப் புரட்டிவிட்டு அப்பாவைப் பார்த்து, "ரண்டு கத்து உண்டல்லோ நிங்ஙளுடெ" என்றார். உங்களுடைய கடுதாசி இரண்டு இருக்கிறதே என்று சொல்கிறார். ஒன்று என்னுடையது. இன்னொன்று எது? சித்தூர் டாக்டர் எழுதிக் கொடுத்ததாக இருக்கும் என்று தேற்றிக்கொண்டேன். அப்பா விழித்தார். அம்மா சட்டென்று, "போலாமுங்க, அங்க கூப்பிடறாங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். யாரும் கூப்பிடவில்லை.

அதே வராந்தாவில் உடும்பஞ்சோலை அம்மாள். பையன் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தான். சட்டைப் பொத்தான் திறந்து கிடந்தது, நெஞ்சின் நடுவில் நீளமாகத் தையல் தழும்பு.

"ஆப்ரேசன் முடிஞ்சு போச்சுத்தா. புரட்டாசிலயே முடிஞ்சுருச்சு. எங்களுக்கு முந்துன நம்பர்ல ஒரு பிள்ள வரவே இல்லையாம். காயிதம் போட்டும் வரலையாம். அதான் எங்களக் கூப்பிட்டாக. இன்னும் ஒரு மாசம் போயிருந்தா இவன் தாங்கியிருக்க மாட்டான்னு டாக்டரே சொன்னாரு. மாரியாத்தா மனசு வச்சா" என்றார்.

எங்களுக்கு வரவேண்டிய கார்டு ஒன்று புரட்டாசியில் வழியில் எங்கேயோ தொலைந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அந்த முந்தின நம்பர் என் தங்கை. அது அந்த அம்மாளுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன். அம்மா பையனைக் கூப்பிட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள். கடைசிப் பொத்தானில் கை கொஞ்ச நேரம் நின்றது. "நல்லா இரு சாமி" என்றாள்.

உள்ளே டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி கேட்டார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார், அவரும் கேட்டார். படம் எடுத்தார்கள், பகல் முழுக்க எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் முதல் டாக்டர் அப்பாவிடம், "அது தன்னெ அடஞ்ஞு. ஓப்பரேஷன் வேண்டா" என்றார். சில பிள்ளைகளுக்கு அப்படி ஆவது உண்டாம்.

"என்னங்க சொல்றாரு?" என்றாள் அம்மா.

"தானா அடைஞ்சு போச்சாமா. கத்தி வேண்டாமாமா. நாந்தான் அப்பவே சொன்னனே" என்றார் அப்பா.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுப்ப நர்ஸ் வந்தார்.

கதை இவ்வளவுதான். ஆனால் இதை என்ன செய்வது என்று எனக்கு இந்த வயதிலும் தெரியவில்லை. அந்தப் புரட்டாசிக் கார்டு தொலையாமல் வந்திருந்தால் என் தங்கையின் நெஞ்சைத் திறந்திருப்பார்கள். பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம். அந்தப் பையனுக்கு நாள் தள்ளிப்போயிருக்கும். தொலைந்ததால் இருவரும் பிழைத்தார்கள். அப்படியானால் கார்டைத் தொலைத்தது ஆத்தாளா? ஓட்டை அடையாமல் இருந்திருந்தால் இதே கார்டுக்கு என்ன பெயர் வைத்திருப்போம்? கேட்டதும் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் ஆத்தாளை நம்பவில்லையா என்ன? பதில் தெரிந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நான் ஆயுசில் பாதியை இதில் கழித்துவிட்டேன். கல்யாணம், பிள்ளைகள், பேரப்பிள்ளை எல்லாம் ஆயிற்று. அம்மா போய்ப் பதினோரு வருடமாகிறது. அவள் இருந்தவரை, "என்ற ஆத்தா நேரத்துக்குக் குடுப்பா, முந்தியும் குடுக்க மாட்டா, பிந்தியும் குடுக்க மாட்டா" என்று சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். பாவம், என் தப்பை நம்பிப் பேசுகிறாள் என்று இருக்கும்.

போன மாதம் அந்த டிவிக்கு எதிரே இதையெல்லாம் தங்கையிடம் சொல்லி முடித்தேன். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பல்வலி.

"இதத்தான் இத்தன நாளா மனசுல வெச்சிருந்தியாக்கா? எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"என்ற மூத்தவன் வயித்துல இருக்கறப்ப அம்மா சொன்னா. அந்தக் கார்டு வந்த மறுநாளே தபால்காரரு சைக்கிள நிறுத்திப் படிக்கச் சொல்லிருக்கறா. அழிஞ்சதையும் அவரு கூட்டிப் படிச்சுச் சொல்லிருக்கறாரு. சான்ஸ் போச்சு, திரும்ப எழுதிக் கேளுன்னு இருந்துச்சாமா. அங்கயே அவரு கையால ஒரு கார்டு எழுதிப் போட வெச்சுட்டுத்தான் ஊட்டுக்கு வந்தாளாமா."

இரண்டாவது கடுதாசி. ஐம்பது வருடம் போல் ஆகிவிட்டது எனக்கு அதைக் கண்டுபிடிக்க.

"அப்பறம் எதுக்குடி பொங்கல் வெச்சா?"

"நானும் அதையேதான் கேட்டேன். 'கார்டு சொன்னது ஆஸ்பத்திரி வாக்கு, பெரியவ சொன்னது ஆத்தா வாக்கு. அவ நாக்குல உக்காந்து அப்படிப் படிக்க வெச்சிருக்கறா. நான் அதத்தான் புடிச்சுக்கிட்டேன்'னா. அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. தெரிஞ்சா உன்னத் திட்டுவாருன்னு சொல்லல."

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாமில்ல?"

"உங்கிட்டச் சொன்னா நீ மருகிப் படிக்கறதையே உட்டுப்போடுவேன்னு பயம். பெரியவ சந்தோசமா இருக்கறா, அவளுக்கு எதுக்கு இந்தக் கல்லு, நான் ஒருத்தி சொமந்தாப் போதும்னாளாமா."

என் தப்பைத் தெரியாமல் நம்பினாள் என்றுதானே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். தெரிந்தே நம்பியிருக்கிறாள். நம்பிக்கொண்டே கார்டும் போட்டிருக்கிறாள். அது நம்பிக்கையா, பிடிவாதமா, பயமா, எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி இருந்தபோது இருந்த நிம்மதியும் போயிற்று. வேறொன்று வந்திருக்கிறது, அதற்குப் பெயர் தெரியவில்லை.

டிவியில் எங்கள் நம்பர் வந்தது. தங்கை முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வாக்கா, நம்ம அவசரம் வந்துருச்சு" என்று சிரித்தாள்.

நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. மார்கழி மாசத்துல, காத்தடிக்கறப்ப, நம்மூட்டுல ஈ இருக்குமா?"

"என்ன கேள்விக்கா இது? அந்தக் காத்துல ஈ எங்க நிக்கும்?" என்று சொல்லிவிட்டு அவள் டாக்டர் அறைக்குள் போனாள்.